உவனும் அவனும்

நூறு வருடத்துப் பழைய நாவல் ஒன்றை இரண்டு மணிநேர நாடகமாக எழுதிக் கொடுத்தேன். எங்கள் கரையில் நடக்கிற கதை. தோணி ஓட்டை என்று தெரிந்தும் அதன் சொந்தக்காரச் சம்மாட்டி, ஒருத்தியின் மகனைக் கடலுக்கு அனுப்புகிறான். மகன் திரும்பவில்லை. விசாரிக்க வந்த ஊர் அதிகாரி விதானையார் தாயைப் பார்த்து, "உன்ரை மகனை ஆர் அனுப்பினது?" என்று கேட்கிறார். சம்மாட்டி அவருடைய தோளோடு நிற்கிறான். தாய் சொல்வது ஒரே சொல்: "உவன்தான்."

எனக்குப் பக்கத்தில் நிற்பவன் இவன். இருவருக்கும் எட்டத்தில் நிற்பவன் அவன். உனக்குப் பக்கத்தில் நிற்பவன் உவன். அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டா என்னை விசாரிக்கிறாய் என்ற கேள்வி முழுவதும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. அதற்காகவே நாடகத்தை எழுதினேன் என்றாலும் பிழையில்லை.

நெல்லியடியில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோது விழாக்குழுச் செயலாளர் புதிதாக அச்சடித்த பிரதியோடு வந்தார். திறந்து பார்த்தால், தாய் "எங்கடை கிணறு அவராப் போச்சு" என்று அழுகிறாள். கிணறு உவராகலாம், உப்புக் கரிக்கலாம். அவராக எப்படி ஆகும்? மனுசன் 'உவ' என்று வந்த இடமெல்லாம் 'அவ' என்று கணினியில் ஒரே தட்டில் மாற்றியிருக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னைக் கேக்காமல் ஏன் மாத்தினீங்கள்?"

"கொழும்பிலையும் போடப்போறம் ரீச்சர். உதெல்லாம் அங்கை ஆருக்கு விளங்கும்?"

என் கையிலிருந்த பழைய பிரதியைக் காட்டித்தான் 'உது' என்றார். தன் வாயில் வந்தது அவருக்கே கேட்கவில்லை. எடுத்துச் சொன்னேன். "அது கதைக்கிறது, இது மேடை" என்று சிரித்துவிட்டு, கிணற்றை மட்டும் திருத்தித் தந்தார்.

தாயாக நடித்தவர் கரையில் கருவாடு விற்கிறவர். அதுதான் அவருக்கு முதல் மேடை. மூன்று மாதம் வியாபாரம் முடித்துச் சைக்கிளில் ஒத்திகைக்கு வந்தவர். கொழும்பில் நடிக்கப்போகிறேன் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அவரிடம் செயலாளர் என் முன்னாலேயே சொன்னார்: "'உவன்' எண்டு மேடையிலை வந்துதோ, கொழும்புக்கு வேறை ஆள்தான்."

அப்படியென்றால் நாடகமே வேண்டாம் என்று நான் அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த வெட்கம் இன்னும் தீரவில்லை. செயலாளர் போனபிறகு, "என்ன செய்யப்போறியள்?" என்று கேட்க மட்டும் எனக்கு வாய் வந்தது.

"பாப்பம் ரீச்சர். பெத்தவள் எதைச் சொல்லுவாளோ அதைத்தானே சொல்ல வேணும்."

யாழ்ப்பாணத்து மண்டபம் நிறைந்திருந்தது. விதானையார் கேட்டார். தாயாக நின்றவர் விரலைக்கூட நீட்டவில்லை. "உவன்தான்" என்றார். மண்டபத்திலிருந்த கண் எல்லாம் சம்மாட்டி மேல் போனது. எனக்கு முன்னாலிருந்த ஒருவர், "அப்பிடிச் சொல்லு" என்று முணுமுணுத்தார்.

செயலாளர் சொன்னதைச் செய்தார். கருவாட்டுக்காரி தன் ஊருக்கு என்ன சொன்னாரோ தெரியாது. நான் கேட்கத் துணியவில்லை. கொழும்பில் தாயாக வந்தவரும் நல்ல நடிகைதான், அவரைக் குறை சொல்ல மாட்டேன். "அவன்தான்" என்று கணீரென்று சொன்னார்.

பக்கத்து இருக்கையில் இருந்த கொழும்புப் பெண் என் பக்கம் சாய்ந்து கேட்டார்: "யாரைச் சொல்றாங்க?"