இணைச்சீரும் இறுதி ஆட்டமும்

என் அத்தைக்கு அமெரிக்காவில் சொந்தம் என்று ஒரு ஈ காக்கை கிடையாது. ஆனால் அங்கே ஃபுட்பால் ஆடுகிறவர்களின் சரித்திரம் மொத்தமும் அவளுக்கு அத்துப்படி. எவனை எல்லா அணிகளும் வேண்டாமென்று தள்ளின, எவன் முழங்கால் உடைந்து படுத்துக் கிடந்து மறுபடி எழுந்து வந்து கோப்பையைத் தூக்கினான், எவன் தாடி நரைத்த பிறகும் மைதானத்தை விடமாட்டேன் என்றான் என்றெல்லாம், பங்காளி வீட்டு விவகாரம் போலப் பேசுவாள். அந்த ஊர் ஃபுட்பாலில் பந்தைக் காலால் உதைப்பது குறைவு, கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதுதான் அதிகம். கோயம்புத்தூரில் கல்லூரியில் படித்தபோது அத்தை அதிலேயே முட்டல் மோதல் இல்லாத ஒரு வகையை ஆடினாள். இடுப்பில் தொங்கும் பட்டையை எதிராளி பிடுங்கிவிட்டால் ஓடுகிறவள் அங்கேயே நின்றுவிட வேண்டும். அத்தையின் பட்டையைப் பிடுங்குவது லேசுப்பட்ட காரியமில்லை என்று பேர்.

சனிக்கிழமை கோபிசெட்டிபாளையத்துக்கு வீடு வந்தால் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து செல்போனில் ஆட்டம் காட்டுவாள். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. பெரியம்மா எதிரே உட்கார்ந்து மொச்சை உரிப்பார். அப்பாவின் அண்ணன் மனைவி. நல்ல ஆகிருதி, அதைவிடப் பெரிய வாய். வயசுப்பிள்ளை டிராயர் போட்டுக்கொண்டு மைதானத்தில் ஓடுவதா என்று வாரம் தவறாமல் ஒரு பாட்டம் திட்டுவார். திட்டிக்கொண்டே செல்போனை எட்டியும் பார்ப்பார். ஒருநாள், முன்னால் நிற்கிற தடியன்கள் பந்தையே தொடாமல் எதற்கு வெறுமனே முட்டிக்கொண்டு கிடக்கிறார்கள் என்று கேட்டார்.

“அவங்கதானுங்க அண்ணி வழி பண்ணிக் குடுக்கறவங்க. பின்னால ஓடறவன் மேல ஒரு கை படாமப் பாத்துக்குவாங்க. கடைசி வரைக்கும் பந்தைத் தொடாமயே ஆடி முடிச்சவங்களும் இருக்கறாங்க. அவங்கள்லயும் நல்லா ஆடுனவங்களுக்குச் செலை வெச்சிருக்கறாங்க” என்றாள் அத்தை.

“நம்மூட்ல எனக்கு எவன் செலை வெக்கறான்” என்று முறத்தைத் தூக்கிக்கொண்டு பெரியம்மா உள்ளே போய்விட்டார்.

உங்கள் அணியிலும் அப்படித் தடியானவர்கள் உண்டா என்று நான் அத்தையிடம் கேட்டேன். எங்கள் ஆட்டத்தில் அது கிடையாது, அவரவரே தப்பித்து ஓடிக்கொள்ள வேண்டும் என்றாள்.

அந்த வருஷம் சித்தப்பாவுக்குக் கல்யாணம் வந்தது. எங்கள் பக்கத்தில் முகூர்த்தத்துக்கு முதல் நாள் சாயங்காலம் இணைச்சீர் நடக்கும். மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் கூறைச்சேலை வைத்த மூங்கில் பேழையைத் தாங்கி வந்து அவன் பக்கத்தில் நிற்க வேண்டும். கட்டிக்கொள்ள ஒருத்தி வந்தாலும் உன் இடம் உனக்குத்தான் என்று அண்ணன் தங்கைக்குச் சொல்கிற சீர். சித்தப்பாவுக்கு இருப்பது ஒரே தங்கை, என் அத்தை. பார்த்தால், அதே நாள் காலையில் கோயம்புத்தூரில் அவளுக்கு இறுதி ஆட்டம். தாத்தா இல்லாத வீட்டில் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். கேட்டால் விடமாட்டார். கேட்காமல் போய் நேரத்துக்குத் திரும்பாவிட்டால் அண்ணன் பக்கத்து இடமும் போச்சு, அத்தோடு பந்தும் போச்சு.

காந்திபுரத்துத் தையல்காரர் சீருக்கான ஜாக்கெட்டை இன்னும் கொடுக்கவில்லை, போய் வாங்கி வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு அத்தை முதல் பஸ்ஸில் கிளம்பினாள். உண்மையை என் காதில் மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். பெரியப்பா முகம் சுளித்தார். ஜாக்கெட் இல்லாமல் சீருக்கு எப்படி நிற்பாள், போய்விட்டு வரட்டும் என்று பெரியம்மா அவரை அடக்கினார். அத்தையின் பொய்யைப் பெரியம்மாவே நம்பிவிட்டாரே என்று எனக்கு ஒரே குஷி.

மத்தியானம் போய்ப் பொழுது சாய்ந்தது. அத்தையைக் காணோம், போனையும் எடுக்கவில்லை. சீர் நடத்தி வைக்கிற அருமைக்காரர் மேடையேறிவிட்டார். பெரியப்பா வாசலுக்கும் மேடைக்கும் நடந்து நடந்து பார்த்துவிட்டு, அந்தியூரிலிருந்து வந்திருந்த ஒன்றுவிட்ட தங்கையை நிறுத்திவிடலாம், அவளும் முறைக்குத் தங்கைதானே என்றார். சித்தப்பா மாப்பிள்ளைக் கோலத்தில் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது பார்த்துப் பெரியம்மாவுக்குப் பேய் பிடித்துவிட்டது. பேழைக்குச் சுற்றிய பூ வாடிவிட்டது, வேறு பூ வராமல் தொடக்கூடாது என்றார். பூ வந்ததும், விளக்கில் எண்ணெய் போதாது என்றார். அந்தியூர்க்காரி எங்கே என்று பெரியப்பா தேடினால், அவளைப் பெரியம்மா கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பந்தியில் உட்கார வைத்துச் சோறும் போடச் சொல்லியிருந்தார். இலையில் உட்கார்ந்தவளை எழுப்புவது எந்த ஊர் மரியாதை? பெரியப்பா பல்லைக் கடித்துக்கொண்டு மேடைக்குத் திரும்பினால், ஏறும் படியை அடைத்துக்கொண்டு நின்றவரும் பெரியம்மாதான்.

“நேரம் இன்னும் இருக்குதுங்களே. எதுக்குங்க இப்படிப் பறக்கறீங்க?” என்றார். பெரியப்பா இந்தப் பக்கம் ஒதுங்கினால் அவரும் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் ஒதுங்கினால் அவரும் அந்தப் பக்கம். கல்யாண வீட்டில் இப்படியா மானத்தை வாங்குவது என்று எனக்கே கூச்சமாக இருந்தது.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அத்தை! முழங்காலெல்லாம் மண், கழுத்தில் பதக்கம். பிடித்தாள் ஓட்டம். பாயசம் எடுத்து வந்தவரைச் சுற்றி, நாதஸ்வரக்காரரைத் தாண்டி, நாற்காலிகளுக்கு நடுவில் புகுந்து வந்தாள். ஒருத்தர் கையாவது அவள்மேல் படவேண்டுமே! பெரியம்மா படியை விட்டிறங்கி, “தள்ளுங்க, தள்ளுங்க” என்று தோளாலேயே கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவளுக்கு முன்னால் போனார். இரண்டு பேரும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நானும் கூடவே நுழைந்துவிட்டேன்.

ஆட்டம் தாமதமாகத் தொடங்கியதாம். அத்தை மூச்சிரைக்கச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பெரியம்மா வேலையைத் தொடங்கிவிட்டார். ஈரத்துண்டால் முழங்காலைத் துடைத்தார். தன் பெட்டியைத் திறந்து சேலையை எடுத்தார். அதற்கு அடியிலிருந்து, தைத்து மடித்த புது ஜாக்கெட்டையும் எடுத்தார். அத்தை அதையும் பெரியம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“போன வாரமே தெச்சு வந்துருச்சு அம்மணி. போட்டுட்டுக் கெளம்பு” என்றார் பெரியம்மா.

அத்தை பேழையைத் தாங்கிக்கொண்டு மேடையேறியபோது அருமைக்காரர் சொன்ன நேரம் இன்னும் மிச்சமிருந்தது. அண்ணன் பக்கத்தில் நின்று, “ஜெயிச்சுப்போட்டமுங்ணா” என்று அவள் முணுமுணுத்தது முன்னால் நின்ற எனக்குக் கேட்டது. சித்தப்பா சிரித்த சிரிப்பில் அன்றைய போட்டோக்களில் எல்லாம் பல்லாகத்தான் இருக்கிறது. பெரியப்பாகூட, பதக்கம் பித்தளையா வெண்கலமா என்று அதைச் சுண்டிப் பார்த்துவிட்டு, மீசைக்குள் சிரித்தபடி சம்பந்தியிடம் காட்டப் போனார்.

நான் ஊரெல்லாம் அத்தையின் வேகத்தைச் சொல்லித் திரிந்தேன். ரகசியம் காத்தவள் நான், பதக்கத்தை எனக்குத்தான் போட்டுவிடுவாள் என்று பந்தி முடியும்வரை அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டே அலைந்தேன். கடைசிப் பந்தியில் பெரியம்மா தனியாகச் சாப்பிட உட்கார்ந்திருந்தார். அத்தை போய்ப் பின்னால் நின்று, பெரியப்பாவிடமிருந்து திரும்ப வாங்கிப் போட்டிருந்த பதக்கத்தைக் கழற்றி, அவர் தாலிக்கொடிக்கு மேலே போட்டுவிட்டாள். பெரியம்மா நிமிரவில்லை. சோற்றில் வைத்த கை மட்டும் அப்படியே நின்றது.

சாயங்காலம் முழுக்கச் சண்டை போட்டுக் காரியத்தைக் கெடுக்கப் பார்த்தவர். பந்தையே தொடாத பெரியம்மாவுக்கு எதற்குப் பதக்கம் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.