இளையாள் பிள்ளைகளின் ரத்தம்

மாதம் பிறந்தால் முதல் சனிக்கிழமை அபோண்டி கொசுவலை அலசுவாள். வலையில் ஏற்றிய மருந்து போய்விடக் கூடாதென்று குளியல் சோப்பைத்தான் கரைப்பாள். கசக்க மாட்டாள், பிழிய மாட்டாள், வெயிலில் போட மாட்டாள். மாமர நிழலில் விரித்துவிட்டு, ஓட்டை ஏதும் விழுந்திருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்ப்பாள். இருந்தால் அன்றைக்கே தைத்தாக வேண்டும்.

அங்கிருந்து பார்த்தால் ஏரிக்கரை தெரியும். அதே நீல நிறத்தில், அதே நாளில் கொடுத்த இன்னொரு வலை மணலில் விரிந்து கிடக்கும். அதன்மேல் பொடிமீன் காயும். அது இளையாள் மில்காவின் வலை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வீட்டுக்கு இரண்டென்று கொடுத்ததில் இரண்டையுமே அவள் மீனுக்குப் போட்டுவிட்டாள். உயோமாக் கரையில் பாதிப் பேர் செய்கிற வேலைதான். மணல் ஒட்டாத மீனுக்கு நல்ல விலை.

அவள் பிள்ளைகள் வெறும் பாயில் படுத்துத் தூங்கினார்கள். ஒடேராவுக்கு ஆறு வயது, ஒபுராவுக்கு நாலு. மழையில் ஆடுவார்கள், சேற்றில் உருளுவார்கள். எப்போதாவது ஒருநாள் உடம்பு கதகதவென்று இருக்கும். மறுநாள் மாங்காய் அடிக்கக் கிளம்பிவிடுவார்கள்.

அபோண்டியின் மகள் அவினோ வலைக்குள்ளேயே தூங்கியவள். மூன்று வயதில் நான்கே நாள் காய்ச்சல். உதடு வெளுத்து, கண்ணின் உள்பக்கம் வெளுத்து, ஐந்தாம் நாள் இல்லை. வாழைத்தோப்புக்கு அந்தப் பக்கம் புதைத்திருக்கிறார்கள். மிஞ்சியவன் ஒகேயோ ஒருவன்தான். அவனுக்கும் வயது நாலு. ஒபுராவோடு நிறுத்தினால் அவன் தோளுக்குத்தான் வருவான்.

அபோண்டி இந்த வீட்டுக்கு வந்தபோது வயது பத்தொன்பது. ஐந்து வருடம் பிள்ளையில்லை. கணவன் ஒகுத்து கெம் ஊருக்குப் போய் மில்காவைக் கட்டிக்கொண்டு வந்தான். வந்த வருடமே ஒடேரா. அதன் பிறகுதான், ஏதோ வயிற்றுக்கே ரோஷம் வந்ததுபோல, அபோண்டிக்கு அவினோ பிறந்தாள். ஒகுத்துவின் மேல் யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஊர் முறைப்படி வளவு வாசலுக்கு நேர் எதிரே மூத்தாளுக்கு வீடு கட்டிக் கொடுத்திருந்தான். மில்காவுக்கு ஒரு கிலோ சர்க்கரை வாங்கினால் அபோண்டிக்கும் ஒரு கிலோ. பெரிய மீன் ஒன்று மாட்டினால் தலையிலிருந்து வால்வரை நெடுக்காகவே வெட்டுவான். ஊரில் அவனைக் கேலி செய்வார்கள்.

அன்று மீனைப் புரட்டிப் போட்டுவிட்டு மில்கா மேலே வந்தாள். முதுகில் எட்டு மாதப் பெண் குழந்தை அடோயோவைத் துணியால் கட்டியிருந்தாள்.

"என்னக்கா, வலைக்கு இன்னைக்கு ஞானஸ்நானமா?"

"சிரி. உன் வலையில மீன் தூங்குது. உனக்கென்ன."

"என் பிள்ளைங்களைக் கொசுவுக்கே பிடிக்கலைக்கா. அப்பன் மாதிரி கசப்பு போல."

"ஒகேயோவுக்கும் அதே அப்பன்தாண்டி."

மில்கா முதுகுத் துணியை இறுக்கிக் கட்டினாள். பிறகு சமாதானமாக, "நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. பிள்ளையப் பொத்திப் பொத்தி வளர்க்குறே. நாலு கடி கடிச்சாத்தானே உடம்பு பழகும்? எங்க ஊர்ல யாரு வலை கட்டினா?" என்றாள்.

அவள் போன பிறகும் அந்தப் பேச்சு போகவில்லை. ஒபுரா எதிரே ஓடிக்கொண்டிருந்தான். அந்தத் தொடையையும் கெண்டைக்காலையும் பார்க்கப் பார்க்க அபோண்டிக்குப் பொறுக்கவில்லை. தைத்தவள் பிள்ளை மண்ணுக்குள். மீன் காயப்போட்டவள் பிள்ளை மாமரத்தில். எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதைத்தான் இன்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமை அபோண்டி வலையைக் கழற்றிக் கரைக்கு எடுத்துப்போனாள். மில்காவின் மீனுக்குப் பக்கத்திலேயே விரித்து, தன் மீனைக் கொட்டினாள். அன்று முதல் ஒகேயோ வெறும் பாயில் படுத்தான். காலையில் அவன் முதுகிலிருந்த தடிப்புகளை எண்ணும்போது அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. பழகட்டும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

பன்னிரண்டாம் நாள் ஒகேயோவுக்குக் குளிர்க்காய்ச்சல் வந்தது. மறுநாள் மத்தியானம் பையனின் கண் மேலே செருகி, கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. ஒகுத்து ஏரியில் இருந்தான். அபோண்டி பையனை மடியில் போட்டுக்கொண்டு அலறினாள். அலறலைக் கேட்டு ஓடிவந்த மில்காதான் பையனை வாரித் தோளில் போட்டு, ரோட்டில் போன மோட்டார் சைக்கிளைக் கைகாட்டி நிறுத்தினாள். முதுகில் அடோயோ, தோளில் ஒகேயோ, பின்னால் தொற்றிக்கொண்டு அபோண்டி. வழி முழுக்க அபோண்டி பார்த்தது மில்காவின் பிடரியைத்தான். இதற்கும் நான் இவளுக்குக் கடமைப்பட வேண்டுமா என்று ஓடியது மனசு, பிள்ளை அந்த நிலையில் கிடக்கும்போதே.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிஸ்டர் யூனிஸ் நரம்பில் மருந்து ஏற்றினாள். விரலில் குத்தி எடுத்த சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி, ஊதாச் சாயத்தில் நனைத்து, மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். பையன் சாயங்காலம் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டான். அதற்குப் பிறகுதான் அபோண்டியைக் கூப்பிட்டாள்.

"பாரு. வட்டமா தெரியறது உன் பையன் சிவப்பணு. உள்ள ஒரு மோதிரம் தெரியுதா, கல்லு வச்ச மாதிரி? அதான் மலேரியா பூச்சி, கொசு கடிச்சு உள்ள விட்டது. உள்ள பூந்து, அணுவுக்குள்ள இருக்கறதைத் தின்னு, ஒண்ணு இருபதா பெருகி, வெடிச்சுக்கிட்டு வெளிய வரும். வெடிக்கிறப்பதான் குளிர் தூக்கிப் போடுது. வெளிய வந்தது ஒவ்வொண்ணும் ஆளுக்கொரு அணுவைத் தேடிப் போகும். பூச்சி பூந்த அணு சும்மா ஓடாது. மூளையில இருக்கற சின்னக் குழாய்ல ஒட்டிக்கிட்டு வழியை அடைக்கும். அதான் வலிப்பு. வலை எங்க?"

அபோண்டி மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இளையா பிள்ளைங்களுக்கு வலையே இல்ல சிஸ்டர்," என்றாள்.

யூனிஸ் மில்காவின் பக்கம் திரும்பினாள். அப்போதுதான் அடோயோவின் கைகளைக் கவனித்தாள். இரண்டு புறங்கையும் இரண்டு பாதமும் பன்போல உப்பியிருந்தன.

"எறும்பு கடிச்சிருக்கும்னு நெனச்சேன்," என்றாள் மில்கா.

யூனிஸ் குழந்தையின் பாதத்தை லேசாக அழுத்திப் பார்த்தாள். அது வீறிட்டது. வீட்டில் எல்லோருடைய ரத்தமும் வேண்டும் என்றாள். மறுநாள் ஒகுத்துவும் பையன்களும் வந்து கொடுத்தார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி முடிவு வர ஒன்பது நாள் ஆனது.

எல்லோரையும் உட்கார வைத்துத்தான் சொன்னாள். "ஒடேரா, ஒபுரா ரெண்டு பேருக்கும் ரத்தத்துல பாதி வேற ஜாதி. பூச்சி உள்ள நுழைஞ்சா அந்த அணு சுருங்கி, அரிவாள் மாதிரி வளைஞ்சுக்கும். மண்ணீரல் அதைப் பார்த்ததும் கெட்டதுன்னு எடுத்துக் கழிச்சிடும், பூச்சியையும் சேர்த்து. பூச்சி வராம இல்ல. வந்து பெருக முடியல."

"அது அவ கெம் ஊர்ல இருந்து கொண்டுவந்ததா?" என்று கேட்டாள் அபோண்டி.

"அவகிட்ட இருக்கறது நிஜம்தான். ஆனா ஒகுத்துகிட்டயும் இருக்கு. உன்கிட்ட இல்ல. ஒகேயோவுக்கும் வரல."

அபோண்டி கணவனைப் பார்த்தாள்.

"உன்கிட்ட இருந்துச்சா?" என்றாள். "சர்க்கரையை நிறுத்து நிறுத்துக் கொடுத்தியே. இதை எனக்கு ஏன் கொடுக்கல?"

"அடிப் பைத்தியமே, நானா அளந்து கொடுத்தேன்?"

"அவினோவுக்கு வரல. இவனுக்கும் வரல. அவ பெத்தது ரெண்டுக்கும் தவறாம போய்ச் சேர்ந்திருக்கு."

"சீட்டுக் குலுக்கற மாதிரிதான் அபோண்டி," என்றாள் யூனிஸ். "யாருக்கு எது விழும்னு அவனால சொல்ல முடியாது."

"சரி, அந்த ரத்தத்தை என் பையனுக்கு ஏத்துங்க. இவ கிட்டயிருந்து எடுத்து."

"ஏத்தினாலும் மூணு மாசம் தாங்காது. பிறகு அவன் எலும்பு தனக்குத் தெரிஞ்ச ரத்தத்தைத்தான் செய்யும். உனக்கு வழி வலைதான், வேற இல்ல."

பிறகு யூனிஸ் நாற்காலியை மில்காவுக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள். குரல் தணிந்தது. அடோயோவுக்கு அப்பா பக்கம் ஒன்றும் அம்மா பக்கம் ஒன்றுமாக இரண்டுமே விழுந்துவிட்டது என்றாள். இவளுடைய அணுக்கள் பூச்சி இல்லாமலே வளையும். வளைந்தது குழாயில் சிக்கும். சிக்கிய இடமெல்லாம் வலிக்கும். தினமும் மாத்திரை. பூச்சியும் உள்ளே போனால் தாங்காது, அதனால் இவளும் வலைக்குள்தான் தூங்க வேண்டும். எத்தனை வருஷம் இருப்பாள் என்று தன்னைக் கேட்காதே என்றாள்.

மில்கா குழந்தையின் வீங்கிய கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அழவில்லை.

அப்போது அபோண்டிக்குள் ஏதோ ஒன்று இறங்கியது. அவினோ போனதிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த சுமையை யாரோ ஒரு கையால் தூக்கிவிட்டதுபோல இருந்தது. ஒரு மூச்சு நேரம்தான். அடுத்த மூச்சில் அது என்னவென்று அவளுக்கே தெரிந்துபோய், முகத்தைத் துணியால் துடைப்பதுபோல மூடிக்கொண்டாள். மூடுவதற்குள் மில்காவின் கண் அவள்மேல் விழுந்திருந்தது.

இரண்டு நாள் மில்கா பேசவில்லை. மூன்றாம் நாள் காலை, அபோண்டி ஒகேயோவுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது உள்ளே வந்தாள். இடுப்பில் அடோயோ. உட்காரச் சொல்லும்வரை காத்திருக்கவில்லை, உட்காரவும் இல்லை.

"தப்பு என்மேலயும் இருக்குக்கா. பழகட்டும்னு நான்தான் சொன்னேன். தெரியாம சொன்னேன். ஒகேயோ தப்பிச்சதுக்கு நான் கடவுளைக் கும்பிட்டேன். சத்தியமா கும்பிட்டேன்."

"தெரியும்," என்றாள் அபோண்டி. கரண்டியால் கஞ்சியைக் கிளறினாள்.

"என் பையனுங்களைப் பார்த்து நீ வயிறெரிஞ்சது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? அதைக்கூட விடு. மகளைப் பறிகொடுத்தவ. நானா இருந்தாலும் எரிஞ்சிருப்பேன்."

அபோண்டி கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றினாள்.

"இதை மட்டும் சொல்லு. இவளைப் பத்தி சிஸ்டர் சொன்னாங்களே, அப்போ உனக்கு நிம்மதியா இருந்துச்சா?"

ஒகேயோ கஞ்சிக்குக் கை நீட்டினான். அபோண்டி கிண்ணத்தை அவன் கையில் கொடுத்தாள். வாயைத் திறந்தால் இல்லை என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னாலும் மில்கா நம்பப் போவதில்லை. நம்பிவிட்டால் இன்னும் மோசம்.

குழந்தை சிணுங்கியது. மில்கா அதை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். அபோண்டி, ஒகேயோவின் மோவாயில் வழிந்த கஞ்சியை விரலால் வழித்தாள்.

மில்கா குனிந்து நிலைப்படியைத் தாண்டி வெளியே போனாள்.