அண்ணியின் பிளாஸ்டிக் திராட்சை

என் அண்ணிக்குப் பொய்ப்பல் செய்கிற வேலை. பல் மருத்துவர் அச்செடுத்து அனுப்புவார். அண்ணி தேய்த்து, நிறமேற்றி, பல்லாக்கித் திருப்பி அனுப்புவார். அந்த மருத்துவரின் வரவேற்பு மேசையில் இருப்பது நான்தான். ஊரில் பாதிப் பேர் சிரிப்பது அண்ணியின் தயவில் என்று எனக்குத் தெரியும். அவர் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காது.

காலையில் வேலைக்குப் போகுமுன் ஒரு மணி நேரம் சாப்பாட்டு மேசை அவருடையது. கைவினைப் பொருள் கடையின் தள்ளுபடிக் கூடையில் கிடைப்பதை அள்ளி வருவார்: பிளாஸ்டிக் திராட்சைக் குலை, மர முட்டை, துணி ரோஜா. புதுத் திராட்சை பளபளவென்று பல்லிளிக்கும். நைசான உப்புத்தாளால் ஒவ்வொன்றாகத் தேய்த்து, முகப்பவுடரை ஊதி, ஒன்றே ஒன்றைப் பழுப்புச் சாயம் தொட்டு அழுக வைப்பார். "எல்லாம் ஒரே மாதிரி இருந்தா பொய்னு காட்டிக் கொடுத்துடும்," என்பார். பின்னால் கறுப்பு அட்டை, ஜன்னலில் மெல்லிய வெள்ளைத் துணி, நிழல் பக்கம் ஒரு தெர்மாகோல் துண்டு. அப்புறம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கிளிக்.

"இந்த வீட்டுல திராட்சைக்குக்கூட உட்கார இடம் இருக்கு, எனக்கு இல்ல," என்று அண்ணன் நின்றுகொண்டே சாப்பிடுவான்.

"நின்னு சாப்பிட்டா தொப்பை குறையும்," என்பார் அண்ணி.

ஐந்து வருடம் எடுத்ததில் ஒரு திராட்சைப் படம் முதன்முறையாகச் சுவரேறியது. நூலகக் கூடத்தில் புகைப்படச் சங்கத்தின் மூன்று நாள் கண்காட்சி. அந்தத் திராட்சைப் படத்தின் முன்னால் யார் நிற்கிறார்கள் என்று அண்ணி தூண் மறைவிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தார்.

சங்கச் செயலாளர் வந்தார். "அடடா, பார்த்தாலே நாக்குல எச்சில் ஊறுதும்மா! எந்தக் கடைத் திராட்சை?"

"கைவினைக் கடை சார். பிளாஸ்டிக்."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அதுதான் வினை. செயலாளரின் முகம் சுண்டிப்போனது.

"இது ஏமாத்து வேலை. நிஜப் பழத்தை வெச்சு எடுத்துட்டு வாங்க, பார்க்கலாம். இதைக் கழட்டிடுறோம்."

எனக்குக் கொதித்தது. அவருடைய மேல்வரிசை முன்பல் நான்கும் அண்ணி செய்தவை. (வெளியே சொல்லிவிடாதீர்கள்.) "சார், உங்க வாயில..." என்று ஆரம்பித்தேன். அண்ணி நறுக்கென்று கிள்ளினார்.

"வேலையில தெரிஞ்சது வேலையோட இருக்கட்டும்," என்று காதில் சீறினார். "வாயைத் திறந்தே, அவ்வளவுதான்!"

பிறகு மூலையில் கிடந்த நாற்காலியைத் தரதரவென்று இழுத்து வந்து, படத்துக்கு நேர் கீழே போட்டு உட்கார்ந்தார்.

"பிளாஸ்டிக்தான் சார். கொட்டை எழுத்துல எழுதி ஒட்டுங்க, எனக்கொண்ணும் வெட்கமில்ல. ஆனா படம் இறங்காது. இறக்கணும்னா என்னையும் சேர்த்துத் தூக்குங்க."

ஏணியோடு வந்த ஊழியர் அண்ணியை ஒருமுறை பார்த்தார். வந்த வழியே திரும்பிவிட்டார். அண்ணி மதியம் சாப்பிடக்கூட எழவில்லை. விஷயம் பரவி, அந்தப் படத்தின் முன்னால்தான் கூட்டம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூடும் நேரத்தில் செயலாளர் மறுபடி வந்தார். குரல் இறங்கியிருந்தது.

"நாளைக்கும் இப்படித்தானாம்மா?"

"மூணு நாளும் லீவு போட்டிருக்கேன் சார். எத்தனை மணிக்குத் திறப்பீங்க?"

"ஒன்பதுக்கு," என்றவர், கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார். "படம் இருக்கும்மா. யாரும் தொடமாட்டாங்க. நாற்காலியை எடுத்துடலாமா?"

"நாற்காலி இருக்கட்டும் சார்," என்றார் அண்ணி.