தாவீதுக்கு ஒரு ஸ்டூல்

மண்ணூர்த் தாவீதுக்கு வலது கால் இல்லை என்று ஊர் சொல்லும். கால் இருந்தது, சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் அதைச் சூம்ப வைத்துவிட்டது, அவ்வளவுதான். ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில், எரிந்துபோன பம்புசெட்டு மோட்டார்களுக்குச் செம்புக்கம்பி சுற்றிக் கொடுப்பது அவன் பிழைப்பு. அதற்குக் கை வேண்டும், கண் வேண்டும், பொறுமை வேண்டும். கால் எதற்கு? உட்காரும் ஸ்டூலுக்குத்தான் நாலு இருக்கிறதே.

நெடுஞ்சாலை ஓரமாக ஒரு மோட்டார் கம்பெனி வந்தது. கம்பி சுற்ற ஆள் எடுக்கிறார்கள் என்றதும் தாவீது ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போய் நின்றான். மாசம் பிறந்தால் சம்பளம், மத்தியானம் கேன்டீன் சோறு, வயசானால் பி.எஃப். அங்கே ஒரு ஸ்டூல் கிடைத்துவிட்டால் கர்த்தரிடம் வேறெதுவும் கேட்பதில்லை என்று தீர்மானித்திருந்தான். அவன் கைவேலை சூப்பர்வைசருக்குத் திருப்திதான். கம்பெனி டாக்டர்தான், "எங்கே, அந்தச் சுவர் வரைக்கும் ஓடு பார்க்கலாம்" என்றார். உட்கார்ந்து செய்கிற வேலைக்கு ஓடிக் காட்ட வேண்டும் என்பது அங்கே சட்டம். தாவீதின் சீட்டில் 'அன்ஃபிட்' என்று முத்திரை விழுந்தது.

"ஓடிக்கினே கம்பி சுத்தணுமாமா? இன்னா கம்பெனியோ!" என்றாள் அவன் மனைவி அருள்மேரி.

1981 பிறந்தது. ஊனமுற்றோர் ஆண்டு என்று உலகமே அறிவித்துவிட்டதால் கம்பெனிக்கும் திடீரென்று இரக்கம் சுரந்தது. ஷாமியானா போட்டு, தாவீதைத் தேடிப் பிடித்து, மாலை போட்டு, கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டி ஒன்றைக் கொடுத்தார்கள். இரண்டு பக்கத் தகரத்திலும் கம்பெனிப் பெயர், அடுத்த ஊருக்கே தெரிகிற மாதிரி. மானேஜர் ரகுபதி, "இவர்களும் நம்மில் ஒருவர்" என்று பேசியபோது அவருக்கே கண் கலங்கிவிட்டது.

கைதட்டல் ஓய்ந்ததும் தாவீது வாயைத் திறந்தான். "வண்டி குடுத்தீங்க சார், சந்தோசம். தெனம் போறதுக்கு ஒரு எடமும் குடுங்க. கம்பி சுத்துற வைண்டிங்ல ஒரு ஸ்டூலு போதும்."

மானேஜர் சிரித்துக்கொண்டே போட்டோக்காரர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திங்கட்கிழமை ஷிப்ட் சங்கு ஊதும்போது தாவீது வண்டியோடு கேட்டில் நின்றான். கம்பெனிப் பெயர் போட்ட வண்டியை நிறுத்திப் பாஸ் கேட்கக் கூடாது என்பது வாட்ச்மேன் கோதண்டத்துக்கு இட்ட உத்தரவு. அவர் உத்தரவை மீறுகிற ஆள் இல்லை. பெயரைப் பார்த்தார், கேட்டைத் திறந்தார், சல்யூட்டும் அடித்தார்.

தாவீது நேரே வைண்டிங் செக்‌ஷனுக்குப் போய், லீவில் இருந்த ஒருவனின் ஸ்டூலில் உட்கார்ந்து கம்பி சுற்ற ஆரம்பித்தான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வித்தியாசம் தெரிந்தால்தானே சொல்வதற்கு! மத்தியானம் கேன்டீனில் சாம்பார் சோறு தின்றான். மாலை போட்டபோது வராத சந்தோஷம் அப்போது வந்தது.

பிற்பகல் ரவுண்டு வந்த மானேஜர் ஊன்றுகோலைப் பார்த்துவிட்டார். அவருக்கு முன்னால் இரண்டு வழிகள். வேலை கொடுக்கலாம், அதற்கு மேலிடத்துச் சம்மதம் வேண்டும். வண்டியில் இருக்கிற பெயரை அழிக்கலாம். அதற்குப் பெயிண்டும் பிரஷும் போதும். அன்று சாயங்காலமே பெயர் அழிந்தது.

"மன்னிச்சுக்கோ தாவீது. பேரு கீற வண்டிக்குத்தான் ஆர்டரு. உன்னுது இப்ப வெறும் வண்டி" என்றார் கோதண்டம் மறுநாள். மெய்யாகவே வருத்தப்பட்டார், கேட்டை மட்டும் திறக்கவில்லை.

தாவீது கேட்டுக்கு எதிரிலேயே கீற்றுக் கொட்டகை போட்டு உட்கார்ந்துவிட்டான். சில வருஷத்தில் கம்பெனிக்கு ஆர்டர் குவிந்து ஆள் போதவில்லை. வெளியே கொடுத்துச் சுற்றி வாங்கலாம் என்று மானேஜருக்கு யோசனை உதித்தது. வெளியாளுக்கு மெடிக்கல் கிடையாது. பி.எஃப். கிடையாது, கேன்டீனும் கிடையாது. அப்படியாகக் கம்பெனி வேலை தாவீதுக்கே வந்து சேர்ந்தது, கம்பெனிதான் வரவில்லை.

சுற்றி முடித்த மோட்டார்களை அதே வண்டியில் ஏற்றிக்கொண்டு கேட்டுக்குப் போவான். ஒரு ஆள் வெளியே வந்து, ஒவ்வொன்றையும் ஓடவிட்டுப் பார்த்து, 'ஃபிட்' என்று சீட்டு ஒட்டுவான்.

"மோட்டார இப்டி குடு, உள்ள போவட்டும். நீ அங்கியே இரு" என்பார் கோதண்டம்.

தாவீது அங்கேயே இருப்பான். அவன் கைபட்டதெல்லாம் உள்ளே போன பிறகு கேட் மூடும்.