அத்தானின் பதினோரு வார ஆராய்ச்சி

என் அக்கா புருஷனுக்கு எங்கள் வீட்டுப் பெண்கள் வைத்த பெயர் ‘ஆராய்ச்சி’. அவர் காதில் விழாத தூரத்தில்தான் அப்படிச் சொல்வோம். முகத்துக்கு நேரே அத்தான். உதிரி பாகக் கிடங்கில் வேலை. மற்றவர்கள் எண்ணி வைத்த போல்ட்டுகளை மறுபடி எண்ணி, சரி என்று கையெழுத்துப் போட வேண்டும். இருபத்தாறு வருடமாக இதையே செய்கிற மனிதருக்கு, எண்ண முடிகிற சாமானைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் கண்ணில் படுவதில்லை.

ஒரு மின்விசிறி வாங்க அவர் எடுத்துக்கொண்ட காலத்தில் கோடையே முடிந்துவிட்டது. மெத்தை வாங்கப் போனபோது வரிசையாக ஏழு மெத்தையில் படுத்துப் பார்த்தவர் எட்டாவதில் தூங்கிப் போனார். ஆனால் வாங்கியது அந்த எட்டாவதை இல்லை. ஸ்பிரிங் எண்ணிக்கை அதிகம் என்று வேறொன்றை வாங்கினார். அக்காவுக்கு இடுப்புவலி வந்ததுதான் மிச்சம். “அறுநூறு ஸ்பிரிங் இருக்கு, எப்படி வலிக்கும்?” என்று அவளையே திருப்பிக் கேட்டார். அந்த வீட்டில் ஒரு கரண்டி வாங்குவதென்றாலும் இவர் மார்க் போட்டாக வேண்டும். அக்காவும் சம்பாதிக்கிறவள்தான். ஆனாலும் வாயைத் திறக்க மாட்டாள். அவளை நினைத்தாலும் எனக்கு எரிச்சல்தான்.

அக்கா ஒரு ஆஸ்பத்திரியில் பதிவேட்டு அறையில் இருந்தாள். பதினேழு வருடம் ஃபைல் அலமாரிகளுக்கு நடுவிலேயே ஓட்டியவளை, மூன்று மாதம் கழித்து வருகிற ஒன்றாம் தேதியிலிருந்து முன்னால் வரவேற்பு மேஜையில் உட்காரச் சொன்னார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். கூடவே இரண்டு சட்டைக்கான சீருடைத் துணியையும் கொடுத்து, தைத்துப் போட்டுக்கொண்டு வரச் சொன்னார்கள். அங்கேதான் சிக்கல்.

அக்காவின் வலது தோள் இடது தோளைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கும். சின்ன வயதிலிருந்தே முதுகெலும்பில் ஒரு வளைவு. தையல் கடையில் அளவெடுக்கிறவர் ஒவ்வொரு அளவையும் உள்ளே எழுதுகிறவருக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்வார் அல்லவா? அவளுக்குப் பத்தொன்பது வயது இருக்கும்போது, கடை நிறைய ஆட்கள் காத்திருக்க, அவள் தோளின் இறக்கத்தையும் அப்படித்தான் சொன்னார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைக்கு முடிந்தது அவளுக்கும் தையல்காரருக்கும் உள்ள உறவு. அதற்கப்புறம் தொளதொளவென்று ரெடிமேட் சட்டை, மேலே ஒரு சால்வை.

அத்தானிடம் “எனக்குக் குளிர் தாங்காது” என்று சொல்லி வைத்திருந்தாள். கொளுத்துகிற வெயிலில் சால்வையோடு நிற்கிறவளைப் பார்த்து அவரும் இருபத்திரண்டு வருடமாக அதை நம்பிக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் சால்வை இல்லாமலும்தான் நடமாடுவாள். அதற்கெல்லாம் ஒரு கண் வேண்டும்.

“தையல்காரர்கிட்ட போய் நிக்க மாட்டேன்டீ. நானே தைச்சுக்குறேன். முடியலைன்னா அந்த மேஜையே வேண்டாம்னு எழுதிக் குடுத்துடுவேன்” என்றாள் அக்கா.

“அத்தான்கிட்ட நான் சொல்லட்டுமா?”

“சொன்னேன்னா உன்கூடப் பேசவே மாட்டேன்.”

ஆக, அத்தானிடம் அவள் கேட்டது ஒரே ஒரு வரி. புதுசாகத் தைக்கப் பழகுகிறவளுக்கு ஏற்ற மாதிரி, வீட்டில் வைத்துக்கொள்ள ஒரு தையல் மிஷின் வேண்டும். எதைத் தைக்கப் போகிறாய் என்று அவர் கேட்கவில்லை. நீளமான நோட்டு ஒன்றை எடுத்துக் கட்டம் போட ஆரம்பித்துவிட்டார்.

ஒரு நிமிடத்துக்கு எத்தனை தையல், எத்தனை கிலோ, எத்தனை வகைத் தையல் என்று இருபத்து நான்கு மிஷின்களுக்குக் கட்டம் போட்டார். நூறு மார்க்கில் நாற்பது மார்க் எம்ப்ராய்டரி டிசைன்களுக்கே போய்விட்டது. எண்ணிக்கை அங்கேதானே அதிகம்! அவர் ஒரு பட்டன்கூடத் தைத்தது கிடையாது. ஆனால் தையலைக் கரைத்துக் குடித்தவர் மாதிரி சாப்பாட்டு மேஜையில் எனக்கு வகுப்பெடுத்தார். அதற்குள் அக்கா ஒரு பழைய சட்டையைப் பிரித்து, நியூஸ் பேப்பரில் அதன் அளவை வெட்டி வைத்துவிட்டாள். இடது பக்கத்துக்கு ஒரு காகிதம், வலது பக்கத்துக்குத் தனியாக வேறொரு காகிதம். பீரோவுக்கு அடியில் அவை பத்து வாரம் கிடந்தன.

பதினோராவது வாரம், ஒன்றாம் தேதிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, மூன்று பேரும் கடைக்குப் போனோம். முதல் மார்க் வாங்கியிருந்தது தையலும் எம்ப்ராய்டரியும் சேர்ந்த ஒரு பெரிய மிஷின். டை கட்டிய விற்பனையாளர் ஒரு துணியை வளையத்தில் மாட்டிப் பொத்தானை அழுத்தினார். துணியா அது? அட்டை மாதிரி விறைப்பாக இருந்தது. அதில் எந்த மிஷினும் நன்றாகத்தான் தைக்கும். நான்கு நிமிடத்தில் ஒரு வாத்து வந்தது. அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை.

“இது மாதிரி இருநூறு டிசைன்!” என்றார் என்னிடம். திராட்சைக் கொத்து, நங்கூரம், குடை எல்லாம் உண்டாம். நங்கூரம் போட்ட சட்டையை அந்த வீட்டில் யார் மாட்டிக்கொண்டு அலையப் போகிறார்கள்?

அக்கா பையைத் திறந்து சீருடைத் துணியில் ஒரு துண்டை எடுத்தாள். வழவழவென்று நழுவுகிற துணி.

“இதுல ஒரு நேர் தையல் போட்டுக் காட்டுங்க.”

“டெமோவுக்கு எங்க துணியே இருக்கே மேடம்” என்றார் விற்பனையாளர்.

“ஏன் அவரைத் தொந்தரவு பண்றே?” என்றார் அத்தான்.

“காட்டட்டுமே அத்தான், என்ன இப்போ?” என்றேன் நான்.

மிஷின் துணியைக் கவ்வி உள்ளே இழுத்துக்கொண்டு கீ கீ என்று கத்தியது. விற்பனையாளர் இருக்கிற பொத்தானையெல்லாம் அழுத்திப் பார்த்தார். அவருக்கு வாத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கடைசியில், வாங்குகிறவர்களுக்குத் தைக்கச் சொல்லித்தருகிற அம்மாவைப் பின்னாலிருந்து கூப்பிட்டார். அந்த அம்மா நூலை வெட்டித் துணியை மீட்டு, விரலால் தடவிப் பார்த்தார்.

“இதுல என்ன தைக்கப் போறீங்க?”

பதினோரு வாரத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

“சட்டை. ரெண்டு. ஒன்பது நாள்ல வேணும்.”

“முன்னாடி தைச்சுப் பழக்கம் உண்டா?”

“ஸ்கூல்ல தலையணை உறை தைச்சிருக்கேன்.”

அவர் கீழ்த்தட்டிலிருந்து ஒரு சின்ன மிஷினை எடுத்து வைத்தார். மெல்லிய ஊசியாக மாற்றினார். பாபினுக்கு மேலே கண்ணாடி மாதிரி மூடி, அடி நூல் தீர்வது வெளியிலிருந்தே தெரிந்தது. வேகத்துக்கு ஒரு தள்ளுக் குமிழ், ஒரு முனையில் ஆமைப் படம், மறு முனையில் முயல்.

“ஆமைலயே வச்சுக்கோங்க. முயல் பக்கம் இப்போதைக்குப் போகாதீங்க. பூவேலை ஆசை இருந்தா ஓரத்துக்கு அஞ்சாறு தையல் இதுலயே இருக்கு. பெரிய மிஷினெல்லாம் கை பழகினதுக்கு அப்புறம் பார்த்துக்கலாம்.”

அக்கா உட்கார்ந்தாள். முதல் வரி கோணிக்கொண்டு போனது. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவது நேராக வந்தது.

“இதையே குடுத்துடுங்க” என்றாள்.

அத்தான் நோட்டைப் புரட்டினார். “இதுக்கு நான் முப்பத்தொண்ணு மார்க்தான் போட்டிருக்கேன். மொத்தமே பதினாலு தையல். அவசரத்துல எதையாவது வாங்கக் கூடாது. சட்டைதானே? போற வழியில தையல்காரர்கிட்ட குடுத்துட்டுப் போயிடலாம். மிஷினை நிதானமா அலசிப் பார்த்து வாங்கலாம்.”

எனக்கு வந்த கோபத்தில் அந்த நோட்டைப் பிடுங்கி மிஷின் ஊசிக்கு அடியில் கொடுத்திருப்பேன். அதற்குள் அக்கா எழுந்தாள். சால்வையைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டாள். பக்கத்தில் குக்கர் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் இருந்தது, விற்பனையாளர் இருந்தார். யாரையும் அவள் பொருட்படுத்தவில்லை.

“என்னைப் பாருங்க. எனக்கு ரெண்டு தோளும் ஒண்ணா இல்லை. அதை ஊருக்கே கேக்குற மாதிரி சொல்ற இடத்துக்கு நான் போக மாட்டேன்.”

அத்தான் பார்த்தார். இடது தோளைப் பார்த்தார், வலது தோளைப் பார்த்தார், மறுபடி இடது தோளைப் பார்த்தார்.

“எப்பலேர்ந்து?” என்று கேட்டார்.

“உங்களைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடிலேர்ந்து” என்று சொல்லிவிட்டு, அக்கா பில் போடச் சொன்னாள்.