மூக்கண்ணன் டீசல் என்று சொன்னது

எங்கள் தெரு டிராக்டர் மெக்கானிக்குக்கு இயற்பெயர் ஒன்று உண்டு. ரசீதில் மட்டும்தான் அதற்கு வேலை. மற்றபடி எல்லோருக்கும் அவர் மூக்கண்ணன். மூக்கு ஒன்றும் பெரிதில்லை. என்ஜினில் ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவி மூக்கருகே ஒருமுறை கொண்டுபோனால் போதும், என்ஜினுக்குள் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். பக்கத்துக் கடையில் லேத் ஓட்டுகிற நான் இதைப் பதினெட்டு வருடமாகப் பார்த்தவன். வண்டி கொண்டுவந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு அந்த ஒரு மூச்சுக்காகக் காத்திருப்பார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும். நான் மைக்ரோமீட்டர் வைத்து அளந்து சொன்னாலும் இன்னொரு தடவை அளக்கச் சொல்கிற ஆட்கள்தான் எனக்கு வாய்த்தவர்கள்.

போன வருடம் அவர் வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே காய்ச்சல் வந்தது. அவருக்கும் அவர் மகளுக்கும். அவர் எழுந்துவிட்டார். மகள் எழவில்லை. இருபத்திரண்டு வயது. ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே பெண்.

இரண்டு வாரம் கழித்துக் காலை ஒன்பது மணிக்கு ஷட்டர் ஏறும் சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். பாதியில் கிடந்த வேலையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்ன பேசுவது என்று தெரியாமல் டீ வாங்கிக் கொடுத்தேன், குடித்தார். ஆறுதல் சொன்னவர்களுக்கெல்லாம் "ஆமா" என்றார். ஒரு பாட்டம் அழுதுவிட்டால் தேவலை என்று எனக்கு இருந்தது. அழவில்லை, எரிந்து விழவும் இல்லை. கை பாட்டுக்கு வேலை செய்தது, ஆள் மரத்துப்போயிருந்தார். ஊர் இதைப் பார்த்துவிட்டு, மனுஷன் நன்றாகத் தேறிவிட்டார் என்று பாராட்டியது. ஊருக்கென்ன, நானும்தான் பாராட்டினேன்.

அந்தக் காய்ச்சல் அவருடைய மோப்பத்தையும் கொண்டுபோயிருந்தது. எங்கள் யாருக்கும் தெரியாது. வந்தாலும் வரும், வராமலும் போகும் என்று டாக்டர் சொன்னாராம். போனால் போகட்டும் என்று விட்டுவிட்டார். சாப்பாடு மண்ணாக இருந்தது, அதையும் தின்றார். தொழில் கெட்டுவிடுமே என்றுகூட அவருக்கு உறைக்கவில்லை. வெளியே சொல்லாமல் மறைத்ததற்குக் காரணம் வேறு. எனக்கு அது பிறகுதான் தெரிந்தது, ஆனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றது புரியாது.

அவர் மனைவியை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். மகளுடைய சாம்பல் நிற ஸ்வெட்டர் ஒன்றை அண்ணி துவைக்காமல் ஒரு பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி அலமாரியில் வைத்திருந்தார். சூடான காகித வாசமும் முகப்பவுடர் வாசமும் கலந்து அதில் இருந்ததாம். தினமும் சாயங்காலம் மூக்கண்ணன் குளித்துவிட்டு வந்ததும் அண்ணி பையை அவிழ்த்து இவர் முன்னால் நீட்டுவார். "இன்னும் வருதுல்ல?" என்பார். இவர் முகர்ந்துவிட்டு "வருது" என்பார். அண்ணி பையைக் கட்டி உள்ளே வைத்துவிட்டுச் சாப்பாடு போடுவார். பல நாள் அந்த வீட்டில் பேச்சே அவ்வளவுதான். இவருக்கு ஒன்றும் வரவில்லை, முதல் நாளிலிருந்தே. தன் மூக்கு போன சேதி தெருவில் தெரிந்தால் அந்த "வருது" பொய் என்பது அண்ணிக்கும் தெரிந்துவிடும். அண்ணி அந்தப் பையைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடு இருக்கிறார் என்று இவர் நினைத்தார்.

எட்டு மாதம் சமாளித்தார். கம்பியை மூக்கருகே கொண்டுபோய் சும்மா மூச்சிழுப்பார். கண்ணும் விரலும் கண்டுபிடித்ததை மூக்கு சொன்னதாகச் சொல்வார். செடிக்காரம்மா வரும்வரை வண்டி ஓடியது.

செடிக்காரம்மா நர்சரி வைத்திருப்பவர். பாத்திகளுக்கு நடுவில் ஓட்ட ஒரு சின்ன டிராக்டர் வைத்திருந்தார். வேறு ஏதோ வேலைக்காக வந்தவர், ஆறு மாதமாக என்ஜினுக்கு ஒரு சொட்டு ஆயில்கூட ஊற்றவில்லை, அட்சய பாத்திரம் மாதிரி தானாக ஏறுகிறது என்று எங்கள் எல்லோரிடமும் பெருமையடித்தார். மூக்கண்ணன் கையில் இருந்ததைக் கீழே வைத்தார். ஆயில் குறைந்தால் ஊற்றிக்கொள்ளலாம். ஏறினால், சேரக்கூடாத ஏதோ ஒன்று உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம்.

கம்பியை உருவிப் பார்த்தார். மேல்கோட்டைத் தாண்டி இரண்டு விரல் உயரம் நின்றது. வெளுத்திருந்தால் தண்ணீர். வெளுக்கவில்லை, ரேடியேட்டரும் நிறைந்தே இருந்தது. மிச்சம் இரண்டு வழி. டீசல் பம்பிலிருந்து டீசல் இறங்கலாம். அல்லது முன்பக்கம் இருக்கிற ஹைட்ராலிக் பம்பில் கசிவைத் தடுக்கிற ரப்பர் சீல் போய், பின்னால் கலப்பையைத் தூக்குகிற லிஃப்டின் எண்ணெய் உள்ளே வரலாம். லிஃப்ட் எண்ணெய் குறைந்திருந்தால் சந்தேகமே இல்லை. ஆனால் லிஃப்ட் குழாய் கசிகிறது என்று நினைத்து அந்தம்மா அந்த எண்ணெயை வாராவாரம் ஊற்றி நிரப்பி வைத்திருந்தார். விரலில் தேய்த்தால், எது கலந்தாலும் என்ஜின் ஆயில் கொஞ்சம் நீர்த்துத்தான் இருக்கும். ஒரு சொட்டைக் காகிதத்தில் விட்டு மறுநாள் வரை வைத்தால் டீசல் தனி வளையமாகப் பிரிந்து காட்டிக்கொடுக்கும். மூக்கு இருப்பவனுக்கு ஒரு நொடி வேலை. அந்தம்மா அவர் மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். இவர் மூச்சிழுத்தார். பத்து வண்டியில் எட்டு வண்டிக்கு டீசலாகத்தான் இருக்கும். "டீசல்" என்றார்.

டீசல் பம்பைக் கழற்றி சீல் மாற்றி, புது ஆயில் ஊற்றி அனுப்பினார். ஒன்பதாம் நாள் அந்த வண்டியை இன்னொரு டிராக்டர் கட்டி இழுத்து வந்தது. செடிக்காரம்மா பேசாமல் இறங்கினார். அவர் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. பின்னாலேயே அவர் வீட்டுக்காரர் முழங்கையில் கட்டோடு இறங்கினார்.

நர்சரியின் சரிவில் போகும்போது என்ஜின் தானாகச் சீறியிருக்கிறது. சாவியைத் திருப்பியும் நிற்கவில்லை. அளவுக்கு மேல் சேர்ந்த ஆயிலை என்ஜினே உறிஞ்சி எரித்தால் அப்படித்தான், டீசலை நிறுத்தினாலும் ஓடும். முன்னால் வீட்டுக்காரர் கல் பொறுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். அவர் பக்கவாட்டில் பாய, அந்தம்மா வண்டியை மண்குவியலில் கொண்டுபோய் முட்ட, அது முக்கி முனகி நின்றதாம். இவ்வளவும் சொல்லிவிட்டு அந்தம்மா திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உங்க மூக்கு சொன்னா சரியாத்தான் இருக்கும்ணே. இது வேற ஏதோ புதுசா வந்திருக்கு. பாருங்க."

மூக்கண்ணன் கம்பியை உருவிக் கையில் பிடித்தார். காகிதத்தில் ஒரு சொட்டு விட்டுவிட்டு நாளைக்கு வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அந்த யோசனையும் வந்ததாம். வீட்டுக்காரர் முழங்கையில் இருந்த கட்டைப் பார்த்தாராம். பயம் வரவில்லை, பாவம் என்றும் தோன்றவில்லை. ஒரு ஆளைக் கொல்லப் பார்த்திருக்கிறோம், அதற்குக்கூட உள்ளே ஒன்றும் அசையவில்லையே என்று நினைத்தாராம். என்னைக் கூப்பிட்டு முகரச் சொல்லியிருக்கலாம், பத்தடி தூரம்தான். ஆனால் எனக்குத் தெரிந்தால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும், அண்ணிக்கு அது தெருவிலிருந்து போய்ச் சேரும். அவர் கணக்கு சரி. நான் அப்படிப்பட்ட ஆள்தான்.

ஒரு சின்ன பாட்டிலில் அந்த ஆயிலைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். காலை பதினொரு மணி இருக்கும். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார். எங்கள் எல்லோர் முன்னாலும் நின்றார்.

"எனக்கு எட்டு மாசமா வாசனையே தெரியாது. அன்னிக்கு குத்துமதிப்பா சொன்னேன். இது லிஃப்ட் ஆயில். என் வீட்டுக்காரி மோந்து பாத்துச் சொன்னா."

நான் லேத்தை நிறுத்தினேன். செடிக்காரம்மா வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் கட்டின்மேல் கையை வைத்துக்கொண்டார். பிறகு, கழற்றுங்கள் என்றார். கழற்றினால் ஹைட்ராலிக் பம்பின் சீல் காய்ந்து விறைத்து, இந்த ஒன்பது நாளில் ஓரமும் முழுக்கக் கிழிந்து கிடந்தது. மூக்கண்ணன் அதை அந்தம்மா உள்ளங்கையில் வைத்தார். சாயங்காலம் புது சீலோடு வண்டி போய்விட்டது. அதற்குப் பிறகு சிலர் வேறு மெக்கானிக்கைப் பார்த்துக்கொண்டார்கள். மற்றவர்கள் காகிதம் காயும்வரை காத்திருக்கப் பழகிக்கொண்டார்கள்.

அந்த ஒரு மணி நேரம் வீட்டில் என்ன நடந்தது என்பதை மூக்கண்ணன் பல நாள் கழித்துத்தான் சொன்னார். ஒரு மத்தியானம், கழிவுத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, யார் வீட்டுக் கதையோ போலச் சொன்னார்.

அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாராம். இவர் பாட்டிலை மேஜையில் வைத்து, காய்ச்சலிலிருந்தே தனக்கு மூக்கு வேலை செய்யவில்லை, இதை முகர்ந்து சொல் என்றாராம். அண்ணி மூடியைத் திறந்து முகர்ந்தார். இருபத்தாறு வருடமாக இவர் சட்டைகளைத் துவைக்கிறவர்.

"டீசல் இல்லைங்க. லிஃப்ட் வேலை பாத்துட்டு வர்ற அன்னிக்கு உங்க சட்டையில இந்த வாசம்தான் வரும்."

மூடியை இறுக்கித் திருகினார். பிறகு கேட்டார்.

"அப்ப அந்த ஸ்வெட்டர்?"

"ஒண்ணும் வரல. ஒரு நாளும் வரல. நீ கேட்டியேன்னு சொன்னேன்."

அண்ணி நாற்காலியில் உட்கார்ந்தார். கத்துவார், இல்லையென்றால் ஒடிந்துபோவார் என்று இவர் காத்திருந்தார். இரண்டும் நடக்கவில்லை. பாட்டிலைக் கையில் உருட்டிக்கொண்டே அண்ணி சொன்னாராம்:

"எனக்கும் நாலு மாசமா வரலைங்க. உங்களுக்கு வருதே, பெத்தவ எனக்கு ஏன் வரலைன்னுதான் தெனமும் உங்ககிட்ட குடுத்துக் கேட்டேன். நீங்க வருதுன்னு சொல்றப்பல்லாம், அவ அதுலதான் இருக்கா, நான்தான் அவள மறந்துட்டேன்னு நெனச்சுக்கிட்டேன்."