பாபநாசத்தில் ஒரு பை மண்

பங்குனி மாதம். காலை ஆறரைக்குத் தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையத்தில் கும்பகோணம் வண்டி ஏறினேன். பாபநாசம் இருபத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் நாலு ரூபாய். உடுமலையிலிருந்து சோயா பார்க்க வந்திருக்கிறேன் என்றதும் நடத்துனருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"மேட்டூர்ல தண்ணி இல்லாததுனால சோயா சார். தொறந்து விட்டா ஒருத்தன் அந்தப் பக்கம் திரும்ப மாட்டான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் தோட்டத்தில் இரண்டு வருடமாகச் சோயா பூக்கிற நேரத்தில் திட்டுத் திட்டாகக் காய்கிறது. பிடுங்கினால் வேர் கறுத்து, தோல் உரிந்து கையோடு வருகிறது. கடைக்காரர் கொடுத்த மருந்தையெல்லாம் ஊற்றியாயிற்று. எங்கள் ஊர் மில்லில் வேலை பார்க்கும் பாபநாசத்துக்காரர் ஒருவர், தன் அக்கா வசந்தா இதே வேரழுகலை ஒரு பூஞ்சைத் தூளால் அடக்கிவிட்டார் என்றார். பூஞ்சையால் வந்த நோய்க்குப் பூஞ்சையையே போடுவதா என்று எரிச்சல்தான் வந்தது. இருந்தும் கிளம்பிவிட்டேன். நஷ்டப்பட்டவனுக்கு ரோஷம் ஏது?

எட்டு மணிக்கு வாய்க்கால் கரையோடு நடந்தேன். வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மதகுச் சுவரில் 'உழுபவருக்கே நிலம்' என்று எழுதியிருந்தது. பக்கத்திலேயே இரண்டு கட்சிக் கொடிக்கம்பங்கள். இரண்டு கட்சியும் மாறி மாறி ஆண்டுவிட்டன. தேர்தலுக்குத் தேர்தல் அந்தச் சுவருக்குப் புது வர்ணம் மட்டும் கிடைத்து வந்திருக்கிறது.

வசந்தாவுக்கு நாற்பது வயது இருக்கும். கணவர் மஸ்கட்டில் கொத்து வேலை. வயல் இவர் பொறுப்பு. மோர் கொடுத்துவிட்டு நேராக வயலில் இறக்கினார்.

"நீங்களே பிடுங்கிப் பாருங்க. எந்தச் செடி வேணும்னாலும்."

வேண்டுமென்றே நோஞ்சானாக நின்ற ஒன்றைப் பிடுங்கினேன். வேர் வெள்ளை வெளேரென்று, நல்ல சோயாவுக்கு இருக்க வேண்டிய முடிச்சுகளோடு இருந்தது. இன்னும் நாலு பிடுங்கினேன். எல்லாம் அப்படித்தான். வரப்புக்கு அந்தப் பக்கம், தூள் போடாத வயலில், எனக்குப் பழக்கமான அதே காய்ந்த திட்டுகள். பொறாமையில் வயிறு எரிந்தது என்பதை ஒளிப்பானேன்.

வேளாண்மை அலுவலகத்தில் கொடுத்த டிரைக்கோடெர்மா தூள்தான். நோய்ப் பூஞ்சையைச் சுற்றி வளைத்துத் தின்றுவிடும் நல்ல பூஞ்சை அது. ஆனால் அதற்குச் சோறு வேண்டும். மக்கின சாணி எருவில் தூளைக் கலந்து, ஈரச்சாக்கால் மூடி, நிழலில் வைத்திருந்து, வெயில் தாழ்ந்த பிறகு தூவியிருக்கிறார். இரண்டு மாட்டின் சாணம், ஒரு வருடத்துச் சேமிப்பு, முழுக்க இந்த மண்ணுக்குள்.

"போன வருசம் இதே வயல்ல பாதிச் செடி செத்துப்போச்சு சார். இந்த வருசம் பாருங்க. மண்ணுல அது ஊறிடுச்சு. அடுத்த வருசம் இன்னும் நல்லா வரும்."

ஒரு பிடி மண்ணை மோந்து பார்த்தேன். மழைக்குப் பிந்திய வாசம். ஊருக்குக் கொஞ்சம் கொண்டுபோக வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

பதினோரு மணிக்கு மொபெட்டில் காரியக்காரர் வந்தார். நிலம் வசந்தாவுடையது இல்லை. கும்பகோணத்தில் இருக்கும் மிராசுதாருடையது. வாய்ப்பேச்சுக் குத்தகை. மிராசுதார் சார்பில் எல்லாம் பார்ப்பது இந்தக் காரியக்காரர். வண்டியில் ஆளும் கட்சிக் கொடி. வரப்பிலேயே நின்று பயிரைப் பார்த்தார்.

"நல்லா வந்திருக்கே வசந்தா. அறுத்துட்டு வடக்கு வயலுக்குப் போயிடு. இத வேற ஆளுக்குச் சொல்லியாச்சு."

வடக்கு வயல் என்றது அந்தக் காய்ந்த திட்டு வயலை.

"அய்யா, எருவெல்லாம் இதுலதானே போட்டேன்."

"ஒரே வயல்ல வருசா வருசம் இருந்தா நாளைக்குக் குத்தகைப் பதிவுல பேர் சேருன்னு தாசில்தார்கிட்ட போய் நிப்பீங்க, அப்புறம் எழுப்பவே முடியாது. மாத்தி மாத்தித்தானே விடுவோம், ஒனக்குத் தெரியாதா?"

"போன வருசம் மாத்தலியே?"

"போன வருசம் இத எவன் கேட்டான்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. செத்த வயலாக இருந்தவரை அது வசந்தாவிடமே கிடந்தது. பிழைக்க வைத்ததுதான் அவர் செய்த தப்பு.

வசந்தா குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அப்ப நாலு வண்டி மேல்மண்ணாவது அந்த வயலுக்கு அள்ளிக்கிறேன் அய்யா. நான் போட்ட எருதானே."

"நீ போட்டதா இருக்கலாம். நெலத்துல விழுந்தது நெலத்துக்காரருது. ஒரு கூடை நகரக்கூடாது."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஏதோ சொல்ல வாயெடுத்தேன். வசந்தா என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினார். வடக்கு வயலும் அந்த ஆள் கையில்தானே இருக்கிறது.

காரியக்காரர் என் பக்கம் திரும்பினார். எந்த ஊர், எவ்வளவு நிலம், சொந்தமா என்று விசாரித்தார். பட்டா நிலம் என்றதும் குரல் குழைந்தது.

"அடேடே, இவ்ளோ தூரம் வந்திருக்கீங்க. மாதிரிக்கு ஒரு பை மண் எடுத்துக்கங்க சார். ஏய் வசந்தா, சாருக்கு நல்ல எடமாப் பார்த்து அள்ளிக் கொடு."

வசந்தா அள்ளிக் கொடுத்தார். அந்த இரண்டு நிமிடம் எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மொபெட் போன பிறகு பையை அவரிடமே நீட்டினேன். வாங்கவில்லை.

"ஒரு பையை வச்சு நான் என்ன சார் பண்ணுவேன்? நீங்க கொண்டு போங்க. உங்களத்தான் வருசா வருசம் யாரும் மாத்த மாட்டாங்க."

மூன்று மணி வண்டியில் மடியில் பையோடு திரும்பினேன். ஊருக்கு வந்ததும் அந்த மண்ணை மக்கின எருவோடு கலந்து, ஈரச்சாக்கு மூடி, சாயங்காலத்தில் தூவினேன். இந்த வருடம் என் சோயாவுக்கு வேர் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. பார்க்கிறவர்கள் எல்லாம் கெட்டிக்காரன் என்கிறார்கள். வசந்தா வடக்கு வயலில் மறுபடி முதலிலிருந்து எரு சேர்க்கிறாராம். அதுவும் நன்றாக வந்துவிட்டால் அவரை அங்கிருந்தும் எழுப்பிவிடுவார்கள்.